சாவி யார் கையில்?



2017 ஏப்ரலில் ரஜினிகாந்த் வவுனியா போக இருந்தார். போரால் இடம்பெயர்ந்த சனத்துக்கு ஞானம் அறக்கட்டளை கட்டிய 150 வீடுகளைக் கையளிக்கத்தான். அறக்கட்டளை லண்டன் லைக்கா சுபாஸ்கரனுடையது. அப்போது ரஜினியின் '2.0' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்ததும் லைக்காதான். தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழ, ரஜினி பயணத்தைக் கைவிட்டார்.

கொடுப்பவரின் மனசு நல்லதா கெட்டதா என்பதல்ல என் கேள்வி. வீடு வீடுதான், சனம் அதில நிம்மதியாப் படுக்கட்டும். ஆனால் போர் அழித்த வீட்டைத் திருப்பித் தருவது அரசின் கடன். அது நடிகர் கையால் பரிசாக வந்தால், உரிமை கேட்க வேண்டிய சனம் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கும்.

இங்க அடுத்த நட்சத்திர நிதி சேகரிப்புக்கு டிக்கெட் வாங்கமுன் கேட்பம்: என்ன தேவை எண்டு முடிவெடுத்தது ஆர்? கணக்கு ஆரிட்ட?