இரட்டை மேற்கோளுக்குள் ஒரு பிழை

ஒற்றை மேற்கோள்குறியா, இரட்டையா என்பது அச்சகத்தாரின் கவலை என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். தரவுத்தளங்களின் மொழியான எஸ்கியூஎல்லில் அது பொருளையே மாற்றிவிடும். ஒற்றைக்குறிக்குள் இருப்பது வெறும் சொல். இரட்டைக்குறிக்குள் இருப்பது அட்டவணையிலுள்ள ஒரு நெடுவரிசையின் பெயர்.

2000இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய எஸ்கியூலைட் இவ்விதியைத் தளர்த்தியது. இரட்டைக்குறிக்குள் எழுதிய பெயரில் நெடுவரிசை எதுவும் இல்லையெனில், பிழை என்று நிறுத்தாமல் அதை வெறும் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அக்காலத்து மைஎஸ்கியூஎல்லுடன் ஒத்துப்போவதற்காகச் செய்த சலுகை அது.

சலுகையின் விலையைப் பாருங்கள். நூற்பட்டியல் ஒன்றில் "ஆண்டு" என்றொரு நெடுவரிசை. 2000க்குப் பிந்தைய பதிவுகளை மட்டும் நீக்க எண்ணி, டண்ணகரத்துக்குப் பதில் றன்னகரமிட்டு "ஆன்டு" என்று எழுதிவிடுகிறோம். மென்பொருள் அச்சொல்லை 2000 என்ற எண்ணோடு ஒப்பிடுகிறது. எஸ்கியூலைட்டின் கணக்கில் எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே நிபந்தனை எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்திவிட, பட்டியல் முழுவதும் அழிகிறது. மேற்கோள்குறியே இடாதிருந்தால் 'அப்படியொரு நெடுவரிசை இல்லை' என்ற மறுப்பு வந்திருக்கும். மெய்ப்பு பார்ப்பவர் பிழையை மௌனமாகக் கடந்துபோவதை நாம் நற்பண்பாகக் கொள்வதில்லை.

இது தவறான வசதி என்பதை ஆக்கியோரே தம் ஆவணங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2019இல் வந்த 3.29 பதிப்பு அதை அணைக்க வழிசெய்தது. 2023இல் வந்த 3.41 பதிப்பின் கட்டளைவரிக் கருவியில் அது இயல்பாகவே அணைந்திருந்தது. ஆனால் பிற செயலிகளுக்குள் பொதியப்படும் நிரலில் இயல்புநிலையை அப்பதிப்பு மாற்றவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரேயடியாக நீக்கினால் பழைய செயலிகள் பழுதாகும். அட்டவணை வரையறையிலேயே இவ்வழக்கம் பொதிந்த கோப்புகள் திறக்க மறுக்கலாம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் எஸ்கியூலைட்டும் ஒன்று. ஆவணக் காப்பில் திறக்காத கோப்பு இல்லாத கோப்புதான்.

எனவே நாம் முன்வைப்பது இதுவே: எழுதுவதில் நிறுத்துக, வாசிப்பதில் காக்க. புதிய வினவல்களில் இச்சலுகை இயல்பாகவே இல்லாதிருக்கட்டும். பழைய கோப்புகளின் வரையறைகளுக்கு மட்டும் நீடிக்கட்டும். இவ்விரண்டுக்கும் தனித்தனி விசைகள் மென்பொருளிலேயே உள்ளன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் துதிக்கை வைத்த ணையும் லையும் மெல்ல அச்சிலிருந்து விடைபெற்றன. அதற்காகப் பழைய நூல்களை நாம் மூடிவைத்துவிடவில்லை.