விதைநெல் எங்கே?

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பங் கோரும் தீநிரலொன்று பூட்டிவிட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் அன்றுவரையிலான கடிதங்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமுந் தப்பவில்லை.

கோப்போடு ஒட்டிவரும் வைரஸ், தானே ஊர்ந்து பரவும் புழு, நல்ல மென்பொருள் வேடத்தில் நுழையும் ட்ரோஜன், கோப்பைப் பூட்டிப் பணங் கேட்கும் கப்பநிரல் எனக் கணினிக்குப் பகைவர் பலர். அவர்களுக்கு வாயில் திறந்தே கிடந்தது. 2013ஆம் ஆண்டின் மென்பொருள், பணமில்லை என்ற காரணத்தால் புதுப்பிக்கப்படவில்லை. மூலத்தோடு இணைந்திருந்த பிரதியும் உடன் பூட்டுண்டது. தனியே பிரித்து வைத்த பிரதி அம்மூன்று மாதங்களுக்கு இருக்கவில்லை.

சம்மாந்துறை உழவன் விதைநெல்லை உண்ணும் நெல்லோடு ஒன்றாகக் கொட்டி வைப்பானா?

காணி, உரமானியம், பிறப்புப் பதிவு யாவும் கணினியேறி வருங் காலம் இது. அவை அழிந்தால் கந்தோர் கந்தோராக அலையப் போகிறவன் அமைச்சனல்லன்; கல்முனை உழவனே. ஆதலால், ஒவ்வோர் அரச அலுவலகமும் வாரந்தோறும் பிரதியெடுத்து, வலையினின்று பிரித்து, வேறிடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். அதற்குரிய பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குமாறு அரசாங்கத்தை வற்புறுத்துகின்றோம். எமது வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் தத்தம் கோப்புகளுக்கு இதனை இன்றே செய்வார்களாக!