பிள்ளை போதவில்லையா, வேலை போதவில்லையா?

விடிந்தும் விடியாமலும் இருக்கும் நேரத்தில் குப்பம் ரயில் நிலையத்தில் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்பவர்கள் திருப்பதிக்குப் போகும் பக்தர்கள் அல்லர். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கட்டட வேலை, கம்பெனி வேலை, வாட்ச்மேன் வேலை. சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், ஜோலார்பேட்டை - பெங்களூர் பாதையில் இருப்பது குப்பத்தின் அதிர்ஷ்டம். காலையில் போய் இரவில் வீடு திரும்பிவிடலாம். ரயில் இல்லாத கிராமத்துக்காரர்கள் போனால் போனதுதான். இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. 1989 முதல் சந்திரபாபு நாயுடு. அவர் முதல்வராக இருந்த காலத்திலும் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்திலும் பெங்களூர் வண்டியில் கூட்டம் குறைந்ததில்லை.

அதே நாயுடுதான் 2024 அக்டோபரில், ஆந்திரக் குடும்பங்கள் கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல கிராமங்களில் வயதானவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள் என்பது அவரது கவலை. அடுத்த மாதமே சட்டசபை ஒரு பழைய விதியை நீக்கியது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த விதி அது. 2025 மார்ச்சில் அவரது கட்சியின் விஜயநகரம் எம்.பி. இன்னும் ஒரு படி மேலே போனார். மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசு மாடு என்று அறிவித்தார். மாட்டுக்குத் தண்ணீர் எங்கே என்று ராயலசீமையில் யாராவது கேட்டிருக்கலாம். முதல்வருக்கு ஒரே மகன் என்பதையும் யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995ல் நாயுடு முதல் முறை முதல்வரானபோது பேச்சு இதற்கு நேர் எதிராக இருந்தது. 1997ல் ஆந்திரம் தனக்கென்று ஒரு மக்கள்தொகைக் கொள்கையையே வெளியிட்டது. சிறு குடும்பம்தான் இலக்கு. அந்தக் கொள்கை தோற்கவில்லை. எதிர்பார்த்ததற்கு மேலாகவே பலித்தது. 1992-93 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.6 குழந்தைகள். 2019-21 ஆய்வில் அது 1.7. மக்கள்தொகை குறையாமல் நிலைத்து நிற்க 2.1 வேண்டும். தமிழ்நாடும் 1.8ல்தான் இருக்கிறது. நாயுடு பேசிய அதே அக்டோபரில் சென்னைத் திருமண விழா ஒன்றில் முதல்வர் ஸ்டாலின் பதினாறு செல்வங்களைப் பதினாறு பிள்ளைகளாக்கிப் பேசியது வெறும் சிலேடை அல்ல. 1971 கணக்கெடுப்பின்படி உறைந்து நிற்கும் எம்.பி. இடங்களை, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அப்படியே வைத்திருக்க 2002ல் அமலுக்கு வந்த 84வது திருத்தம் வழி செய்தது. கெடு நெருங்க நெருங்க, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கிராமம் காலியாகக் கிடப்பதற்கும் தொட்டில் காலியாகக் கிடப்பதற்கும் ஒரே மருந்தா? நாயுடு பிறந்த நாராவாரிப்பள்ளியும் ஜெயித்துவரும் குப்பமும் இருந்த பழைய சித்தூர் மாவட்டத்தைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது.

அந்த மாவட்டமே தையல் போட்டுச் சேர்த்த துணி. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், திருப்பதியையும், கடப்பையிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடியையும், புங்கனூர், காளஹஸ்தி போன்ற ஜமீன் பகுதிகளையும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் உருவாக்கினார்கள். 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது மொத்தமாக அந்தப் பக்கம் போனது. வேங்கடத்தை வட எல்லையாகச் சொன்ன தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டி ம.பொ.சி. போராடினார். மங்கலங்கிழார் ஊர் ஊராக அலைந்தார். பட்டாஸ்கர் வந்தார், கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்று எண்ணிக் கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. திருப்பதி போனதுதான் இங்கே பலருக்கும் நினைவிருக்கிறது. சத்தியவேட்டை மறந்துவிட்டார்கள். அதைப் பிறகு பார்க்கலாம்.

கோடு நகர்ந்தால், உட்கார்ந்த இடத்திலேயே ஆட்கள் வெளியூர்க்காரர்களாகிவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இது விபரீதமாகப் போனது. இன்று புர்கினா ஃபாசோ எனப்படும் அப்பர் வோல்டாவை 1932ல் பிரெஞ்சுக்காரர்கள் கலைத்து, பெரும் பகுதியை ஐவரி கோஸ்ட்டுடன் சேர்த்தார்கள். 1947ல் மறுபடி பிரித்தார்கள். கோகோ, காபித் தோட்டங்களுக்குக் கூலியாக வந்தவர்கள் அங்கேயே தலைமுறைகளாக இருந்துவிட்டார்கள். 1998 கணக்கெடுப்பில் ஐவரி கோஸ்ட்டில் நான்கில் ஒருவர் அந்நியர் என்று பதிவானது. யார் உண்மையான மண்ணின் மைந்தன் என்ற கேள்வி 2002ல் உள்நாட்டுப் போராக வெடித்தது. பெற்றோர் புர்கினா ஃபாசோக்காரர்கள் என்று சொல்லித் தேர்தலில் நிற்க விடாமல் தடுக்கப்பட்ட வட்டாரா, 2010 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானது பிந்தைய கதை.

சித்தூர் எல்லையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லை, சோதனைச் சாவடியில் பிறந்த ஊர் கேட்பதில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் நிற்கவில்லை. நகரியில் பிறந்தவள் பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டால் மாமியார் வீட்டுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் சென்சஸ் ஏட்டில் அவள் மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயர்ந்தவள். 2011ல் இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் என்று எண்ணப்பட்ட சுமார் 45 கோடிப் பேரில் மிகப் பெரும் பங்கு இப்படிக் கல்யாணமாகிப் போன பெண்கள். வேலை தேடிப் போனவர்களைத் தேட வேண்டுமானால் இந்தக் கூட்டத்தை விலக்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

தேடினால் கிடைப்பது என்ன? 1991ல் சித்தூர் மாவட்டத்தில் 32 லட்சத்து 61 ஆயிரம் பேர். 2001ல் 37 லட்சத்து 45 ஆயிரம். 2011ல் 41 லட்சத்து 74 ஆயிரம். முதல் பத்தாண்டில் கிட்டத்தட்ட 15 சதவிகித வளர்ச்சி. அடுத்த பத்தாண்டில் பதினொன்றரைக்கும் குறைவு. ஆனால் அதே 2001-2011ல் திருப்பதி நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் மூன்று லட்சத்திலிருந்து நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. மாவட்டம் மெதுவாகிறது, திருப்பதி மட்டும் ஓடுகிறது. இந்த வித்தியாசம் பிரசவ வார்டில் உண்டானதல்ல. பாதி பஸ் ஸ்டாண்டில் உண்டானது.

திருப்பதிக்கு வருபவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மலைக்கு ஒரு நாளைக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் வந்தால் அவர்களுக்குச் சமைக்க, மொட்டையடிக்க, ஜீப் ஓட்ட, ரூம் பெருக்க ஆள் வேண்டும். 1954ல் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. நாயுடுவே அங்கே படித்தவர்தான். 2015ல் ஐ.ஐ.டி.யும் வந்தது. படிக்க வந்தவர்கள் வீடு எடுத்தார்கள், அந்த வீடுகளைக் கட்ட வந்தவர்கள் குடிசை போட்டார்கள். ஆட்சிப் பீடமான சித்தூர் நகரம் ஒன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றுவிட்டது. வேலூர் பக்கத்தில் இருப்பதால் பெரிய வியாதி என்றால் சி.எம்.சி.க்கு ஓடுவதும் பழக்கமாகிவிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

போகிறவர்களின் காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது. வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. ஏரிகள் போய்க் கிணறு, கிணறு போய் போர்வெல், அதுவும் ஆயிரம் அடிக்குக் கீழே. ஒரு குழாய்க்கு வாங்கிய கடன் அடைவதற்குள் அடுத்த குழாய் போட வேண்டும். தாக்குப்பிடித்தவை மாந்தோப்பும் கறவை மாடும்தான். கிருஷ்ணா தண்ணீர் ஹந்திரி - நீவா கால்வாயில் குப்பம் வரை வருகிறது என்று 2024 பிப்ரவரியில் ஜெகன் மோகன் ரெட்டி பூஜை செய்தார். 2025 ஆகஸ்டில் நாயுடு வந்து மறுபடி ஆரத்தி எடுத்தார். ஒரே தண்ணீருக்கு இரண்டு முதல்வர்கள். தண்ணீர் தொடர்ந்து வந்தால் பெங்களூர் ரயிலில் கொஞ்சம் இடம் கிடைக்கக்கூடும்.

பெங்களூர் எட்டாதவர்கள் குவைத்துக்குப் போனார்கள். கடப்பை, ராயச்சோட்டி, மதனபள்ளி வட்டாரத்தில் வளைகுடா புதிய செய்தி அல்ல. ஆண்கள் டிரைவராகவும் பெண்கள் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். அதிகம் படிக்காத பெண், 30 வயதுக்குக் கீழே வீட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி கிடையாது. அதனால் அந்த வயதில் போகிறவள் விசிட் விசாவில் போகிறாள். அங்கே ஏதாவது ஆனால் காகிதத்தில் அவள் வேலைக்காரியே இல்லை. இவளுடைய ஊரில் தாத்தா பாட்டியும் பேரக் குழந்தைகளும் மட்டும் இருக்கிறார்கள் என்றால், அது அவள் குறைவாகப் பெற்றதால் அல்ல.

திரும்பி வந்தவர்களும் உண்டு. சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டாவைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் என்ஜினீயராக இருந்துவிட்டு வந்து, 1985ல் அமரராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். ரேணிகுண்டா அருகே கரகம்பாடியில் தொழிற்சாலை எழுந்தது. ஒரு மனிதர் திரும்பியதால் ஆயிரக்கணக்கானோர் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. 2021ல் மாசு விவகாரத்தில் மூடச் சொல்லி நோட்டீஸ் போனது, உயர் நீதிமன்றம் தடுத்தது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் 9,500 கோடி ரூபாய் லித்தியம் பாட்டரித் திட்டத்தைத் தெலங்கானாவில் அறிவித்தது. ஆட்கள் மட்டுமல்ல, முதலீடும் குடிபெயரும்.

இப்போது சத்தியவேடு. 1960ல் திருத்தணிக்கு ஈடாகக் கைமாறிய அந்தப் பொட்டல் வட்டாரத்தில், சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர் தூரத்தில்தான் ஸ்ரீசிட்டி இருக்கிறது. இசுசு கார், கேட்பரி சாக்லேட், ஃபாக்ஸ்கான் செல்போன் எல்லாம் அங்கேதான். துறைமுகமும் விமான நிலையமும் சென்னையில். நிலமும் சலுகையும் ஆந்திரத்தில். பட்டாஸ்கர் போட்ட கோட்டால் இப்படி ஒரு லாபம் வரும் என்று அன்று சண்டை போட்ட இரு தரப்பிலும் யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. செல்போன் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் கிராமத்து இளம் பெண்கள். கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள், ஹாஸ்டலில் தங்குகிறார்கள், ஓரிரு வருடம் சம்பாதித்த பிறகு கல்யாணம் என்கிறார்கள். இருபது வயதில் சம்பளம் வாங்கிப் பழகிய பெண்ணிடம் மூன்று பிள்ளை பெற்றுக்கொள் என்று சொல்வதற்குப் பசு மாட்டைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம், பிரசவத்துக்குப் பிறகும் அதே வேலை, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் பஸ். எந்த முதல்வரும் இதுவரை இதைக் கொள்கையாக்கித் தேர்தலில் ஓட்டுக் கேட்டதில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படைத் தேதியாக 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. பெங்களூர் ரயிலில் தினமும் போய் வருகிறவர் சித்தூர் கணக்கில் வருவார். பெங்களூரில் கொட்டகை போட்டுத் தங்கிவிட்டவர் கர்நாடகக் கணக்கில். மதனபள்ளியிலிருந்து வந்து ஸ்ரீசிட்டி ஹாஸ்டலில் இருக்கும் பெண் திருப்பதி மாவட்டத்தில் ஒரு தலை. குவைத்தில் பாத்திரம் துலக்கும் அவளுடைய அம்மா எந்த மாநிலத்தின் கணக்கிலும் வரமாட்டாள்.