கழற்றத் தெரிந்தவனும் பூட்டத் தெரிந்தவனும்



ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். வேலை செய்த தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு ஈப்போவுக்கு அருகே ஒரு தாமானில் குடியேறிய குடும்பம். மூத்த மகன் எஸ்.பி.எம். தேர்வில் சுமாராகத் தேறினான். இப்போது பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறான். மூன்று மாதமாக அவன் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய திருகாணிகளைத் துடைப்பது, சிறு பைகளில் போடுவது, பையின் மேல் எழுதி ஒட்டுவது, துருவைச் சுரண்டுவது. இவ்வளவுதான்.

"எஞ்சினைத் தொடக்கூட விடவில்லையாம். இதுவும் ஒரு வேலையா? பேசாமல் சிங்கப்பூருக்குப் போகட்டும் என்கிறார் அவன் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. நம் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் இருக்கிறார்கள். "படிப்பு ஏறவில்லை, அதனால் பட்டறைக்குப் போனான்" என்று சொல்லி நாமே அவர்களைத் தாழ்த்திவிடுகிறோம். அந்தப் பட்டறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவுக்கு வருவோமே!

அது என்ன கார் என்று தாயார் எழுதவில்லை. நாம் ஜாகுவார் ஈ-டைப் என்ற காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் செய்யப்பட்ட இந்தக் காரை 1961 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். ஆறு சிலிண்டர், 3.8 லிட்டர் எஞ்சின், நீண்ட மூக்கு. நம் பக்கத்துக்கும் அது வந்தது. 1962-இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையில் நடந்த பெரும் பந்தயத்தில் யோங் நாம் கீ என்பவர் ஈ-டைப் காரை ஓட்டித்தான் வெற்றி பெற்றார்.

இப்படிப்பட்ட காரை முழுமையாகப் புதுப்பிப்பது என்றால் வெறும் சாயம் பூசுவதல்ல. கடைசித் திருகாணி வரை கழற்றி, வெறும் தகட்டுக் கூடாக நிறுத்தி, மீண்டும் ஒவ்வொன்றாகப் பூட்டுவது. ஆயிரக்கணக்கான உறுப்புகள். கழற்றியதற்கும் திரும்பப் பூட்டுவதற்கும் இடையே ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். இந்தத் திருகாணி இடப்பக்கக் கதவுக்கு உரியதா, வலப்பக்கத்துக்கு உரியதா என்று அன்றைக்கு யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதனால்தான் கழற்றும்போதே படம் எடுக்கிறார்கள், பையில் போடுகிறார்கள், பெயர் எழுதி ஒட்டுகிறார்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் பாதியில் நின்றுபோன கார்கள் பெட்டி பெட்டியாக இரும்புச் சாமான்களாகக் கிடக்கின்றன. கழற்றுவது யாராலும் முடியும். பூட்டுவதற்குத்தான் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பின் முதல் பாடத்தைத்தான் அந்தப் பையன் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்து துரு. நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும். காரின் கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை பெட்டி போல ஒரு தகடு ஓடுகிறது. அதற்குள் நீர் தேங்கினால் உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பளபளப்பான சாயம், உள்ளே பப்படம் போன்ற தகடு. சுரண்டினால்தான் உண்மை தெரியும்.

அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரன் அகப்பட்டுக்கொள்வான். ஈ-டைப் காரின் நடுப்பகுதிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. அந்தத் தகடுகளே காரைத் தாங்குகின்றன. யோசிக்காமல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு அழகாக வெல்டிங் வைத்தாலும் கதவு சரியாக மூடாது. அனுபவசாலி முதலில் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்குவார். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவார். புதிய தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, கதவை மாட்டி, இடைவெளியை அளந்து பார்த்த பிறகுதான் முழுவதும் வெல்டிங் வைப்பார். வீட்டுக் கூரையின் தூணை மாற்றுமுன் முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா, அதே அறிவுதான். பதறாத காரியம் சிதறாது.

சுரண்டிய தகட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. நம் காற்றில் மறுநாள் காலையிலேயே செந்நிறம் ஏறத் தொடங்கிவிடும். அன்றைக்கே துருத் தடுப்புப் பூச்சு அடித்தாக வேண்டும். அதன் மேல் ஒரு பூச்சு, தேய்ப்பு, மறுபடியும் பூச்சு, மறுபடியும் தேய்ப்பு. நாம் கண்ணால் பார்ப்பது கடைசிச் சாயம் ஒன்றைத்தான்.

எஞ்சினுக்கு வருவோம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடினால் எண்ணெய் எரிந்து புகையும், குறைந்தால் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதை அளக்கக் கணக்கு வேண்டும், கணக்கை நம்பும் கையும் வேண்டும்.

இதை நம் குடும்பங்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமா? பால்மரம் வெட்டியவர் கையை நினைத்துப் பாருங்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும், ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். இருட்டு விலகுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அந்த அளவைக் கையாலேயே அறிந்தவர்கள் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும். அந்தக் கைகளுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் அது தேர்ந்த தொழில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ரப்பர் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பழைய காரைப் பிரிக்கும்போது இரும்பைக் காப்பாற்றலாம், தோலைக் காப்பாற்றலாம், மரத்தைக் காப்பாற்றலாம். ரப்பரை மட்டும் பெரும்பாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். கதவைச் சுற்றிய பட்டை, கண்ணாடியைப் பிடிக்கும் விளிம்பு, எஞ்சினைத் தாங்கும் கட்டை, தண்ணீர்க் குழாய், டயர் எல்லாமே காலத்தால் இறுகி வெடித்திருக்கும். காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்லத் தின்கின்றன. அதுவும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். பழைய பிரேக்கினுள் இருக்கும் ரப்பர் வளையங்களுக்குத் தவறான எண்ணெயை ஊற்றினால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

குவாலா கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. 1960-களிலும் 1970-களிலும் உலகிலேயே மிக அதிகமாக இயற்கை ரப்பர் விளைத்தது நம் நாடுதான். அந்தக் காலத்துக் கார்கள் ஓடிய சக்கரத்தில் நம் முன்னோர் மங்கில் சேர்த்த பாலும் இருந்திருக்கும். காரில் ஏறியவர் துரையாக இருக்கலாம். சக்கரத்தில் இருந்தது நம் உழைப்பு.

(வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். வரி தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரை நம்பி ஓட வேண்டாம்.)

பொறுமைக்கு ஓர் எல்லை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. ஈ-டைப் வகையில் பந்தயத்துக்கென்று அலுமினியத் தகட்டால் சில கார்களை மட்டும் செய்தார்கள். அவற்றில் ஒன்றை ஓட்டிய ஜெர்மானியர் பீட்டர் லிண்ட்னர், 1964 அக்டோபரில் பாரிஸ் அருகே மோன்லேரி பந்தயத் தடத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார். காரும் நசுங்கிப் போயிற்று. புதுத் தகட்டால் வேறு கூடு செய்வது எளிது. ஆனால் இங்கிலாந்தில் பிரிஜ்நார்த் என்னும் ஊரிலுள்ள ஒரு பட்டறையினர் நசுங்கிய அதே பழைய தகடுகளைப் பிரித்து, நிமிர்த்தி, முடிந்த மட்டும் அவற்றையே திரும்பப் பொருத்தினார்கள். 2011-இல் வேலை முடிந்தது. செலவான நேரம் 7,000 மணிக்கும் மேல், அதில் கூட்டுக்கு மட்டும் 5,000 மணி. அந்தத் தகட்டில்தானே அந்தக் காரின் வரலாறு இருக்கிறது!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்று சொல்லிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் கோவை ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்வோம். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஓட்டலில் சிப்பந்தியாக வேலை செய்து காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய பாடசாலை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. அவர் பெயரால் அமைந்த ஜீடீ கார் அருங்காட்சியகம் 2015 முதல் கோவையில் இருக்கிறது.

ஆகவே சகோதரி, மகனை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவும் வேண்டாம். ஒரு நாள் நீங்களும் அவன் அப்பாவும் பட்டறைக்குப் போங்கள். முதலாளியிடம் மரியாதையாக நான்கு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறாரா? இரண்டாவது, சாயம் தேய்க்கும்போதும் அடிக்கும்போதும் தகுந்த முகமூடி கொடுக்கிறாரா? பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் கட்டையில் கல்நார் இருக்கலாம். இப்போதைய இரட்டைக் கலவைச் சாயப் புகை நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. அதற்குத் துணி முகமூடி போதாது. மூன்றாவது, துரு சுரண்டிய பிறகு அடுத்த பாடம் எப்போது? வெல்டிங்கா, எஞ்சினா? வருடக்கணக்கில் துரு மட்டும் சுரண்டினால் அது பயிற்சியல்ல, மலிவான கூலி. நான்காவது, மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெற வழிவிடுவாரா?

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வேலை செய்துகொண்டே பயில எஸ்.எல்.டி.என். என்ற திட்டம் இருக்கிறது. பல வருட அனுபவம் உள்ளவர்கள் தங்கள் திறமையை நிரூபித்துச் சான்றிதழ் பெற பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. முழுநேரமாகப் படிக்க விரும்பினால் ஈப்போவிலேயே தொழிற்பயிற்சிக் கழகம் உண்டு, 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும் உண்டு. எஸ்.கே.எம். மூன்றாம் நிலையைத் தாண்டினால் டிப்ளோமா வரை போகலாம். நம் பாட்டிமார்களின் கைத்திறனுக்குக் கிடைக்காத அந்தத் தாள், பேரப்பிள்ளைகளின் கைக்காவது கிடைக்கட்டும்.

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் வந்தால், சிங்கப்பூர் எங்கும் ஓடிவிடாது. கையில் தொழிலோடு போகிறவனுக்கு அங்கேயும் மதிப்பு அதிகம். முதலாளி மழுப்பினால், வேறு நல்ல பட்டறை தேடுங்கள். இடத்தை மாற்றலாம், தொழிலை விட வேண்டியதில்லை.

தந்தையாருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஐயா, மகன் வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வரும்போது, "இன்றைக்கும் துருதானா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பைகளில் என்னென்ன இருக்கிறது, எது எங்கே பூட்டப்படும் என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறாமல் சொன்னான் என்றால், அவன் படிப்பு நன்றாகவே நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.