ஒரு மகனைக் காணோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' இன்னும் பார்க்காதவர்கள், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் இத்தோடு அபீட் ஆகிக்கொள்ளவும். கதையை முழுசாக உடைக்கப் போகிறேன், புத்தகத்தில் பின்னால் வருவதையும் சேர்த்து. அப்புறம் திட்டக்கூடாது :)

நான் பேசப்போவது இரண்டாவது சீசனின் முதல் எபிசோட். பெயர் 'எ சன் ஃபார் எ சன்', அதாவது மகனுக்கு மகன். 2024 ஜூன் 16, அமெரிக்காவில் ஞாயிறு இரவு வந்தது. நமக்கு அது திங்கள் காலை ஆறரை மணி. அன்றைக்கு பக்ரீத் லீவு. லீவு நாளில் அலாரம் வைத்து எழுந்த அதிசயப் பிறவிகளில் நானும் உண்டு.

பார்த்து முடித்ததும் எங்கள் செட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, "செம எபிசோட், கடைசி சீனில் தூக்கமே போச்சு" என்றது. இன்னொரு கட்சி புத்தகம் படித்த கோஷ்டி. அவர்கள், "புத்தகத்தில் இதைவிடக் கொடூரமா இருக்கும், இவங்க பயந்துட்டாங்க" என்றார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ரத்தம் கம்மியா ஜாஸ்தியா என்பது ஒரு விஷயமே இல்லை. குழந்தையின் கழுத்தை அறுக்கும்போது கேமரா அம்மாவின் முகத்தில் நிற்கிறது, சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அந்த முடிவு சரியான முடிவு. காட்டியிருந்தால்தான் கேவலமாக இருந்திருக்கும். என் பிரச்சினை வேறு.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. முதல் சீசனின் கடைசி எபிசோடில் (2022 அக்டோபர்) ரெய்னீராவின் மகன் லூசெரிஸை, ஏமண்டின் கிழட்டு ராட்சச டிராகன் வேகார் கடித்துத் துப்பிவிடுகிறது. இந்த எபிசோட் முழுக்க ரெய்னீரா கடலோரமாக மகனின் மிச்சத்தைத் தேடுகிறாள். எம்மா டார்சிக்கு மொத்த எபிசோடிலும் ஒரே ஒரு வசனம்தான், ஏமண்ட் வேண்டும் என்று. அந்த ஒரு வரியில் என்னமா பண்ணியிருக்கிறார்! அதைக் கேட்டு டேமன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் இரண்டு கூலிக்காரர்களைப் பிடிக்கிறான். ஒருவன் நகரக் காவல்படை ஆள், இன்னொருவன் அரண்மனையில் எலி பிடிப்பவன். புத்தகத்தில் இவர்களுக்குப் பட்டப்பெயர்கள்தான் உண்டு: பிளட், சீஸ். ஏமண்ட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். டேமன் பதில் சொல்வதற்குள் காட்சி கட் ஆகிறது. (இவ்வளவு பெரிய அரண்மனையில் ராஜா வீட்டு மாடிப்படியில் ஒரு வாட்ச்மேன்கூட இல்லையே என்று கேட்காதீர்கள். காவல் தலைவர் எங்கே இருந்தார் என்பதையும் அதே எபிசோடில் காட்டிவிட்டார்கள்.)

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம்.

சீரியலில் நடப்பது இது. ஏமண்ட் கிடைக்கவில்லை. கிடைத்தது ராணி ஹெலெய்னாவும் தூங்கிக்கொண்டிருக்கும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளும்தான். ஒன்று ஆண், ஒன்று பெண். எது எது என்று இருட்டில் அவர்களுக்குத் தெரியவில்லை. ஹெலெய்னா கழுத்தில் கிடந்த நகையைக் கழற்றிக் கொடுத்துப் பார்க்கிறாள். எடுபடவில்லை. எது பையன் என்று கேட்கிறார்கள், அவள் கையைக் காட்டுகிறாள். பொய் சொல்கிறாளோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம். அவள் சொன்னது நிஜம். அவ்வளவுதான், முடிந்தது. பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி, அம்மாவின் அறைக்குள் போய் உட்கார்கிறாள். ஃபியா சபன் அந்த இடத்தில் அழவே இல்லை. அழாமலே நம்மைக் காலி பண்ணிவிடுகிறார்.

இப்போது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'ஃபயர் அண்ட் பிளட்' (2018) புத்தகத்துக்கு வாருங்கள். அங்கே ஹெலெய்னாவுக்கு மூன்று குழந்தைகள். ஆறு வயது இரட்டையர்கள் ஜெஹேரிஸ், ஜெஹேரா. அப்புறம் இரண்டு வயது மேலர். சாயங்காலம் பாட்டியைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அங்கே அந்த இருவரும் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள், பாட்டி அலிசென்டைக் கட்டிப்போட்டுவிட்டு. இரண்டு பையன்களில் ஒருவன் சாக வேண்டும், யார் என்று நீயே சொல் என்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்கிறாள். மனைவி கணக்கில் வராது, மகன்தான் வேண்டும் என்கிறார்கள். பெண் குழந்தையை நாசமாக்குவோம் என்று மிரட்டிய பிறகு, வேறு வழியில்லாமல் அவள் மேலரின் பெயரைச் சொல்கிறாள். சின்னவன், அவனுக்குப் புரியாது என்று நினைத்திருக்கலாம். உடனே அவர்கள் அந்தக் குழந்தையிடம், உன் அம்மா நீ சாக வேண்டும் என்கிறாள் என்று சொல்லிவிட்டு, மூத்தவனின் தலையை வெட்டிவிட்டுப் போகிறார்கள்.

அதாவது அவள் சாகச் சொன்ன பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

இதுதான் அந்தக் காட்சியின் உயிர். ஹெலெய்னாவால் அதற்கப்புறம் மேலரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவனை அவளிடமிருந்து பிரித்துப் பாட்டியிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். சீரியல் ஹெலெய்னாவுக்கு நடந்தது ஒரு கொடுமை, புத்தக ஹெலெய்னாவுக்கு நடந்ததும் கொடுமைதான். ஆனால் இவளிடம் கேட்டது அடையாளம், அவளிடம் கேட்டது முடிவு. ஒரு மகனை இழந்த அம்மாக்கள் இந்தக் கதையில் நிறையப் பேர். உயிரோடு இருக்கும் மகனிடம் போகமுடியாத அம்மா இவள் ஒருத்திதான். பிறகு வந்த எபிசோடுகளில் சீரியல் ஹெலெய்னா தன் அம்மாவைக்கூட மன்னிக்கிறாள். தன்னையே மன்னிக்க முடியாமல் இருக்க அவளிடம் காரணம் எதுவும் மிச்சம் வைக்கவில்லை, பாவம்.

மேலரை ஏன் தூக்கினார்கள்? இதற்கான பதில் மார்ட்டினிடமிருந்தே வந்தது. 2024 செப்டம்பர் 4 அன்று தன் வலைப்பக்கத்தில் நீளமாக எழுதினார், சில மணி நேரத்தில் அது காணாமல் போய்விட்டது (அதற்குள் உலகமே காப்பி எடுத்து வைத்துக்கொண்டது, அது வேறு கதை). தயாரிப்பாளர் ரயன் காண்டல் முதலில் சொன்னது நடைமுறைச் சிக்கல்: அவ்வளவு சின்னக் குழந்தையை வைத்து ஷூட்டிங் எடுத்தால் நேரமும் பணமும் கூடுதலாகும். மேலரை நீக்கவில்லை, தள்ளித்தான் வைக்கிறோம், அடுத்த சீசனுக்குள் ஹெலெய்னாவுக்குப் பிறப்பான் என்ற பேச்சில் மார்ட்டினும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிற்பாடு பார்த்தால் மேலர் வரவே போவதில்லை என்று தெரிகிறது.

பி.காம். படிக்கிற நமக்கு இதற்குப் பெயர் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அதைக் குளோஸ் பண்ண வேண்டும். இவர்கள் ஒரு குழந்தையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு, வருஷக் கடைசியில் ரைட் ஆஃப் செய்துவிட்டார்கள்!

செலவு என்ற காரணத்தை நான் கிண்டல் செய்யவில்லை, சத்தியமாக. அது நிஜமான காரணம்தான். முதல் சீசனின் காலக்கணக்கில் பிள்ளைகளின் வயதும் குறைந்துவிட்டது, அதுவும் நிஜம். ஆனால் செலவை மட்டும் எழுதி, அதனால் என்ன போகிறது என்று எழுதாவிட்டால் அது அரைக் கணக்கு. என்ன போகிறது? புத்தகத்தில் மேலரை ஒரு வீரனோடு ரகசியமாக ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். பிட்டர்பிரிட்ஜ் என்ற இடத்தில் கும்பல் கையில் சிக்கிக் குழந்தை செத்துப்போகிறது. அந்தச் செய்தி காதில் விழுந்ததுதான் ஹெலெய்னா ஜன்னலிலிருந்து குதித்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவளைக் கொன்றது ரெய்னீராதான் என்று வதந்தி பரவி, ஊரே கலவரமாகி, கூட்டம் டிராகன்களின் கொட்டடி வரைக்கும் போய்விடுகிறது. வசனமே இல்லாத இரண்டு வயசுப் பொடியன் மேல் எவ்வளவு பாரம் பாருங்கள்.

நண்பன் ஒருவன் ஒரு நல்ல பாயின்ட் கேட்டான். "ஃபயர் அண்ட் பிளட் நாவலே கிடையாது, ஒரு மேஸ்டர் எழுதின வரலாறு. அவர் ஒரு மதகுருவையும் மஷ்ரூம் என்கிற கோமாளியையும் சாட்சியா வெச்சுக்கிட்டு எழுதறார். ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. உண்மையில நடந்தது இதுதான்னு சீரியல் சொல்லக்கூடாதா?"

தாராளமாகச் சொல்லலாம். மாற்றக்கூடாது என்று சொல்கிற சாமியார் நான் இல்லை. புத்தகத்தில் விசெரிஸ் ஒரு சந்தோஷமான குண்டு ராஜா. சீரியலில் பேடி கான்சிடின் அவரை அழுகிக்கொண்டே ஆட்சி செய்யும் மனிதராக மாற்றினார். முதல் சீசன் எட்டாவது எபிசோடில் அவர் தடியூன்றி சிம்மாசனத்துக்கு நடந்துபோவதை மறக்க முடியுமா? என்னுடையதைவிட இதுதான் நல்ல விசெரிஸ் என்று மார்ட்டினே சொன்னார். லூசெரிஸ் சாவையும் மாற்றினார்கள். ஏமண்ட் கொல்ல நினைக்கவில்லை, டிராகன் அவன் சொல் கேட்கவில்லை. அதனால் ஏமண்டுக்கு ஒரு புது வேதனை கிடைத்தது. செய்யாத ஒன்றைச் செய்தவனாகவே ஊர் முன்னால் வாழ வேண்டும். இந்த இரண்டிலும் ஒன்று போனது, பதிலுக்கு ஒன்று வந்தது. மேலர் போனதற்கு என்ன வந்தது என்று நானும் பல தடவை பார்த்துவிட்டேன். எது ஆண் பிள்ளை என்ற குழப்பம் வந்தது. அது திகில், ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும் திகில். அடுத்த எபிசோடுக்கு அதிலிருந்து எதுவும் மிச்சம் வருவதில்லை.

சீரியல் ஆட்களுக்குத் திறமை இல்லை என்றால் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். அதே எபிசோடில் ஹெலெய்னா தனக்கு எலிகளைக் கண்டு பயம் என்று போகிற போக்கில் சொல்கிறாள். எலி பிடிப்பவன் வருவதற்கு எத்தனையோ காட்சிகள் முன்னால். இப்படிப் பொறுமையாக விதை போடத் தெரிந்தவர்கள் மேலரை ஒரே ஒரு தடவை தொட்டிலில் காட்டியிருந்தால்கூடப் போதும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பி.கு: சீஸ் கூடவே ஒரு நாய் வருமே, அவன்கூட அதை எட்டி உதைப்பான். அடுத்த எபிசோடில் ராஜா ஆத்திரத்தில் எலி பிடிப்பவர்கள் எல்லாரையும் தூக்கில் தொங்கவிடும்போது அந்த நாய் கீழே உட்கார்ந்து எஜமானின் உடலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அருமையான ஷாட். அந்த நாய் சீரியல்காரர்களே சேர்த்தது. அதற்கு பட்ஜெட் இருந்திருக்கிறது :)