முதல்ல பம்ப், அப்புறம் பூஸ்ட்

நம்ம காலேஜ் பார்க்கிங்ல ஒரு டர்போ கார் வந்து நின்னா போதும், சுத்தி நாலு பேர் கூடிடுவாங்க. முதல் கேள்வி, "மாப்ள, ரீமேப் பண்ணிட்டியா?" அடுத்தது, "எத்தனை பிஎஸ் வருது?" அப்புறம் எக்ஸாஸ்ட் சத்தம் பற்றி ஒரு பட்டிமன்றம். இந்த நாலு வருஷத்தில் "ஃபுல் பூஸ்ட்ல ஃப்யூல் பிரஷர் எவ்வளவு நிக்குது?" என்று ஒருத்தர்கூட கேட்டு நான் பார்த்ததில்லை. ரீமேப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது என் கருத்து.

டர்போ செய்வது ஒரே வேலை, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது. லேப்டாப்பைச் செருகி பூஸ்ட்டை ஏற்றுவது இன்னைக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஏற்றின காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் வர வேண்டுமே? 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்று செகண்ட் இயரிலேயே படித்துவிட்டோம். டர்போ இன்ஜின் முழு பூஸ்ட்டில் ஓடும்போது இந்த விகிதத்தை 12 பக்கம் வைப்பார்கள், அதாவது பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக. அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் சூட்டைக் குறைக்கும். பம்ப் திணறி விகிதம் 13, 14 என்று ஏறினால், அதே பூஸ்ட்டில் சூடு எகிறும், நாக்கிங் ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு தடவை நடந்தால் இசியூ இக்னிஷனைப் பின்தள்ளிக் காப்பாற்றிவிடும். தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

சிவகாசிக்காரங்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றுக்கும் தராசு அளவு உண்டு. ஆக்சிஜன் கொடுப்பது எவ்வளவு, எரிவது எவ்வளவு என்பதுதான் அங்கேயும் விஷயம். ஊரே தெரிந்து வைத்திருக்கிற கணக்கை நம்ம கார் பசங்கதான் மறந்துடறாங்க.

சரி, கணக்கைப் போட்டே பார்த்துடலாம். 2015-ல் இந்தியாவில் வந்த அபார்த் புன்டோவை எடுத்துக்கொள்வோம். 1.4 லிட்டர் டர்போ, 145 பிஎஸ், அதாவது சுமார் 107 கிலோவாட். ஃபுல் லோடில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 330 கிராம் பெட்ரோல் என்று வைத்தால் மணிக்கு 35 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 745 கிராம், ஆக 47 லிட்டர். இதையே 200 பிஎஸ்ஸுக்கு ஏற்றணும் என்று ஒருத்தர் ஆசைப்பட்டால் 65 லிட்டர். இப்போ பங்க்கில் வருவது இ20. எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும், அதனால் அதே காற்றுக்கு இ20 கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 70 லிட்டர். பம்ப் வயசாகும், ஃபில்டர் அடைக்கும் என்று 20 சதவீதம் சேர்த்தால் 84 லிட்டர். இவ்வளவுதான்!

ஆனால் நம்மாளுங்க ஆன்லைனில் ஆர்டர் போடுவது மணிக்கு 255 லிட்டர் வால்ப்ரோ. போலி வால்ப்ரோ மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கிறது என்பது தனிக் கதை. ஒரிஜினலே என்றாலும், அந்த 255 என்பது சுமார் 3 பார் பிரஷரில், 13.5 வோல்ட்டில் வரும் எண். பூஸ்ட்டைப் பார்த்து ஏறும் ரெகுலேட்டர் உள்ள காரில், 3 பார் பேஸ் மேலே 1.2 பார் பூஸ்ட் சேர்ந்து பம்ப் 4.2 பாரை எதிர்த்துத் தள்ளணும். எதிர்ப்பு கூடக் கூட அளவு குறையும். வோல்டேஜ் குறைந்தால் இன்னும் மோசம்.

சரி, அளவு குறைந்தாலும் 84-க்கு மேலேதானே இருக்கும், பெரிய பம்ப் போட்டா என்ன தப்பு? தப்பு இருக்கு. வேண்டாத பெட்ரோல் எல்லாம் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி டேங்க்குக்கு வர வேண்டும். ரிட்டர்ன் லைன் சின்னதாக இருந்தால் ஐட்லிங்கில் பிரஷர் ஏறிக்கொண்டே போகும், கார் பெட்ரோல் நாத்தத்தோடு குலுங்கும். சுத்திச் சுத்தி வரும் பெட்ரோல் டேங்க்கையே சூடாக்கும். விருதுநகர் வெயிலுக்கு அது வேற கூடுதல். எல்லாத்துக்கும் மேல, பெரிய பம்ப் இழுக்கும் கரண்ட்.

என் நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ செடான் வாங்கினான். ரீமேப் முடிந்தது, நால்வழிச்சாலையில் சாத்தூர் தாண்டி மூணாவது கியரில் மிதித்தால் 5000 ஆர்பிஎம்மில் திணறும். காயில் மாற்றினான், பிளக் மாற்றினான். கடைசியில் பெரிய பம்பும் போட்டான். திணறல் கொஞ்சமும் குறையவில்லை, முன்னைவிட அதிகமாயிடுச்சு. எங்க பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர்தான் மல்டிமீட்டரை நீட்டினார். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.6. "தம்பி, பம்பு நல்லாத்தான் இருக்கு, நீங்க அதுக்குச் சோறு போடலையே" என்றார். ஓம்ஸ் லா தான். 10 ஆம்பியர் ஓடும்போது பழைய வயரும் கறுத்த கனெக்டரும் சேர்ந்து 0.22 ஓம் காட்டினால் 2.2 வோல்ட் காலி. பழைய பம்ப் குறைவாக இழுத்ததால் கொஞ்சமாவது தாங்கியது.

அதற்கு மருந்து ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான வயர் ஒன்று நேரா பம்புக்கு, நல்ல எர்த் ஒன்று, பழைய வயர் ரிலேயை ஆன் பண்ண மட்டும். இதில் ஒன்றை மட்டும் விட்டுடக் கூடாது. ரிலேக்குப் போகும் சிக்னல் இசியூ கொடுத்த அதே வயரிலிருந்து வரணும். சிலர் சுலபம் என்று இக்னிஷனிலிருந்து நேரா எடுக்கிறார்கள். இன்ஜின் நின்றதும் பம்ப்பை நிறுத்துவது இசியூதான். அதைத் தாண்டி வயர் இழுத்தால், கார் கவிழ்ந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. போலோவின் 1.2, 1.0 டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ்ஸின் பூஸ்டர்ஜெட் எல்லாம் டைரக்ட் இன்ஜெக்ஷன். அதில் டேங்க் பம்ப் சில பார் பிரஷரில் பெட்ரோலைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. கேம் ஷாஃப்ட்டில் ஓடும் இன்னொரு பம்ப்தான் அதை நூற்றுக்கணக்கான பாருக்கு ஏற்றும். அந்த இரண்டாவது பம்ப் எட்டாதபோது டேங்க்கில் எதை மாட்டினாலும் பயனில்லை. அபார்த்தும், கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபியும் போர்ட் இன்ஜெக்ஷன். அங்கே டேங்க் பம்ப்தான் எல்லாம். எந்த வகை என்று தெரியாமலே பார்ட்ஸ் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரலை, பாவமாத்தான் இருக்கு.

சிரிப்பே வராத இடம் பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. பல கார்களில் பம்ப் எடுக்க அங்கேதான் மூடியைத் திறக்கணும். டேங்க்குக்குள் பம்ப் மோட்டார் ஓடியும் தீப்பிடிக்காததற்குக் காரணம், உள்ளே ஆவி அவ்வளவு அடர்த்தி. காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி இருந்தால்தான் பற்றும். டேங்க்குக்குள் அதைவிட அதிகம். மூடியைத் திறந்த நிமிஷம், காருக்குள் அந்த ஆவி காற்றோடு கலந்து சரியாக அந்த எல்லைக்குள் வந்து நிற்கும். அதுவும் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக்கிடக்கும். அந்த இடத்தில் நம்ம ஆளு பாலியஸ்டர் டீ-ஷர்ட் போட்டு சீட்டில் உரசிக்கொண்டு, பேட்டரியைக் கழற்றாமல், போன் சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள், உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் இறங்கட்டும் என்று. பருத்தித் துணி, ஒரு அறைக்கு 4 பேர். இதை மீறும் இடங்களில் என்ன நடக்கிறது என்று வருஷா வருஷம் பேப்பரில் "உராய்வு" என்கிற ஒரு வார்த்தையில் படிக்கிறோம். பட்டாசு ஆலைக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் விதி போட்டுக் கண்காணிப்பது ஒரே அமைப்பு, பெசோ. நம்ம சிவகாசியிலேயே அதற்கு ஆபீஸ் இருக்கு. அப்பா அந்த விதிகளோடு தினமும் வேலை பார்த்துவிட்டு வர, பையன் வீட்டு போர்ட்டிகோவில் டேங்க்கைத் திறந்து வைத்திருக்கிறான். இது என்ன நியாயம்?

டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, திறந்த வெளியில், லைன் பிரஷரை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, பக்கத்தில் டிரை பவுடர் எக்ஸ்டிங்குஷர் வைத்து, காரின் உலோகப் பாகத்தைத் தொட்ட பிறகுதான் மூடியில் கை வைக்கணும். உள்ளே போடும் ஹோஸ் "எஸ்ஏஇ 30ஆர்10" என்று எழுதியதாக இருக்கணும். சாதாரண ஃப்யூல் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கினால் ஊறி உப்பி வெடித்துவிடும், பம்ப் போட்டும் பிரஷர் வராது. வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் இந்த வேலை நடந்தால் காரை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

"இவ்வளவு தொல்லை எதுக்கு, ஸ்டாக்காவே ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி சம்மதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்கு எதிராகத்தான் இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும். இந்த ஆசைக்குச் சரியான இடம் செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே மாதிரி ட்ராக்தான், நால்வழிச்சாலை இல்லை. ஆனால் பசங்க செய்யாமல் இருக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் நம்ம டிபார்ட்மென்ட்டிடம் ஒரு வேண்டுகோள். ஐசி இன்ஜின் லேபில் இன்னும் மோர்ஸ் டெஸ்ட்டும் வால்வ் டைமிங் டயக்ராமும் போட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு பம்ப், ஒரு பிரஷர் கேஜ், ஒரு ரெகுலேட்டர், வோல்டேஜை மாற்றக்கூடிய ஒரு பவர் சப்ளை. பெட்ரோலுக்குப் பதில் எளிதில் தீப்பிடிக்காத டெஸ்ட் ஆயில். 3 பாரில் எவ்வளவு வருது, 4.2 பாரில் எவ்வளவு, 11.6 வோல்ட்டில் எவ்வளவு என்று ஒரு கிராஃப். எலக்ட்ரிகல் லேபில் பழைய பவர் சப்ளை இரண்டு சும்மா கிடக்குது. பம்ப் வாங்கக் காசு வசூல் பண்ண நான் ரெடி, ஜூனியர்ஸ் யாராவது சேர்ந்துக்கறீங்களா?