துணியே பேசட்டுமாம்

"அழகா இருக்கு. ஆனா இந்தக் குறிப்பு எதுக்கும்மா? துணியே பேசட்டுமே."

ஜவுளி வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டு முடிவில், நான் செய்து வைத்த ஐந்து துணிகளுக்கு முன்னால் நின்று தேர்வுக் குழுவில் ஒருவர் சொன்னது இது. திட்டவில்லை, பாராட்டித்தான் சொன்னார். குறிப்பை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அதில் இருந்தது எங்க அப்பத்தா பெயர், ஊர், சாதி, 1930 என்கிற வருஷம். துணி வேணும், வரலாறு வேண்டாம் என்கிற இந்த மரியாதையான ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதல் மூணு வருஷம் நானும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் கிடந்தேன். கோபுரக் கரை போட்டேன். மாங்காய், மயில், அன்னம், ருத்ராட்சம் என்று கட்டத்தாளை நிரப்பினேன். எங்க தெருவுக்குள் ஒருநாளும் திரும்பாத தேரைச் சேலை முந்தியில் ஓட்டிக் காட்டினேன். 'நீட்டா பண்றா' என்று பேர் வாங்கினேன். 'நெசவு உங்க ஆளுங்க தொழில் இல்லையே, எப்படி இதுக்கு வந்தே?' என்று கூடப் படித்தவள் கேட்டபோது அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தேன். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் கோலியர் என்றொரு பெயர் இருப்பதும், அவர்கள் நெசவாளிகள் என்று 1909-லேயே எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருப்பதும் அப்போது எனக்குத் தெரியாது. எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

துணி வரலாற்றுப் பாடத்தில் 1921 செப்டம்பர் 22 வந்தது. மதுரையில் காந்தி சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறிய நாள். விழுந்து விழுந்து படித்தேன், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி விடுமுறையில் ஊருக்குப் போனேன். ராமநாதபுரம் மாவட்டத்துச் சேரி. அப்பத்தாவின் முன்கை இரண்டிலும் பச்சை. கோலப் புள்ளி, தேள், சின்னதாய் ஒரு மரம். சிறுவயதிலிருந்து பார்த்த கைதான். அன்றைக்குத்தான் கேட்டேன், "ஏன் அப்பத்தா இவ்வளவு குத்திக்கிட்ட?"

"எங்க ஆத்தா குத்தி விடச் சொன்னா தாயி. அவ காலத்துல நகை போட விடல. ரவிக்கை போட விடல. இத யாரு கழட்டுவான்?"

திரும்பி வந்து நூலகத்தில் தேடினேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்களின் துணி இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி கத்தரிக்கக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் எவ்வளவு தூரம்? 1921-க்கும் 1930-க்கும் எத்தனை வருஷம்? சட்டையைக் கழற்றுவது தியாகமாக வேண்டுமென்றால் முதலில் அதைப் போட உரிமை வேணும். அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாக நின்றதன் பொருள் எனக்கு அந்த நூலக மேசையில்தான் விளங்கியது.

தலைப்பு கிடைத்துவிட்டது. தடுக்கப்பட்ட துணிகள். கணுக்கால் வரை இறங்கும் வேட்டி, சட்டைத் துணி, ரவிக்கைத் துணி, தாவணி, குடைத்துணி. ஐந்திலும் ஜரிகை கிடையாது. ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் அப்பத்தாவின் பச்சை.

கோபம் இருந்தால் போதும், துணி தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பச்சையை அப்படியே படம் பிடித்து, ஜக்கார்டு அட்டை அடித்து, கோடு கோடாக நெய்ய வைத்தேன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இது படம். துணி மேல ஒட்டுன மாதிரி இருக்கு." ரெண்டு நாள் தூக்கமில்லை. மறுபடி அப்பத்தா கையைப் பிடித்துப் பார்த்தேன். கோடு என்று நான் நினைத்தது கோடே இல்லை. ஊசி ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறிய புள்ளி. அதற்கப்புறம் ஜக்கார்டை விட்டுவிட்டு, கையால் கோர்க்கும் சின்னப் புட்டாக்களாகப் போட்டோம். ஒரு புள்ளிக்கு ஒரு குத்து. அப்போதுதான் அது துணிக்குள் இறங்கியது.

நிறமும் படுத்தியது. பேர்தான் பச்சை, தோலில் வயசாக ஆக அது நீலமும் பச்சையுமாய் நிற்கும். அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகிவிடும். அந்த நடு நிறத்தை எப்படி நிறுத்துவது? கடுக்காயில் ஊறவைத்து மஞ்சள் ஏறிய நூலை அவுரியில் ஒரே ஒரு முக்கு. பதினோராம் தடவை அப்பத்தா கை நிறம் வந்தது.

குடைத்துணியை ஊருக்கு எடுத்துப்போய்க் கம்பியில் கட்டிக் கொடுத்தேன். மழையில் பிடித்துக்கொண்டு நின்றவள் சிரித்தாள். "ஏத்தா, ஒழுகுதே! இதுக்குத் தடையே போட வேணாமே!" எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஒழுகுகிற குடையை வைத்துக்கொண்டு உரிமை பேசி என்ன பிரயோஜனம்? நெருக்கமான அச்சில் மறுபடி நெய்து, மெழுகு ஏற்றினோம். கோஷத்துக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கற்பித்தவர்கள் அந்தத் தறிக்காரரும் எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவியும். படைப்பு வளர்ச்சி என்று கல்லூரி மதிப்பெண் போடுவது இதற்குத்தான் என்றால், அதில் பாதி அவர்களுக்குச் சேரும்.

வழிகாட்டிய பேராசிரியை நல்லவர்தான். ராத்திரி பத்து மணிக்கும் என் மாதிரிகளைப் பார்த்தவர். அவரே கடைசியில் சொன்னார்: "'பழங்குடிப் பச்சைக் கலையின் தாக்கம்'னு போட்டுரும்மா. பிரச்சினை வராது." நாங்கள் பழங்குடி இல்லை மேடம் என்றேன். "தெரியும்மா, கேட்க நல்லா இருக்கும்ல."

மிதிலையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். பிராமண, காயஸ்தப் பெண்களின் ஓவியம் உலகச் சந்தைக்குப் போனபோது, 1970-களில் துசாத் சாதிப் பெண்கள் தங்கள் உடம்புப் பச்சையையே தாளில் இறக்கினார்கள். சாணிக் கரைசலில் தாளைத் தோய்த்து, தங்கள் நாயகன் ராஜா சல்ஹேசின் கதையை வரைந்தார்கள். கோத்னா, அதாவது பச்சை, என்று தங்கள் பெயரிலேயே அந்தப் பாணி நிற்கிறது. சானோ தேவி அதன் முன்னோடி. பெயரை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஏன் விட வேண்டும்?

இனி 'துணியே பேசட்டும்' என்பவருக்கு வருகிறேன். கலைக்கு எதற்குச் சாதி முத்திரை என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். படைப்பைச் சுருக்கிவிடும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. என் முதல் குடை ஒழுகியதே! ஆனால் ஒரு கேள்வி. காஞ்சிபுரம் பட்டுக்குக் கரை கரையாகக் கோயில் கதை சொல்கிறீர்கள். எந்த மன்னன், எந்தத் தெய்வம், எந்த மண்டபத்துத் தூண் என்று பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறீர்கள். அந்தத் துணியெல்லாம் தானே பேசட்டும் என்று ஏன் விடவில்லை? அவன் துணிக்கு உரை, என் துணிக்கு மௌனமா?

குறிப்பை நான் எடுக்கவில்லை. தேறினேன், பரிசு வேறொருத்திக்குப் போனது. அவள் வேலை நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

இறுதியாண்டுக்கு வரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் இருக்கிற கையைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் தறிக்குப் போங்கள். ஒழுகாத வரைக்கும் நெய்யுங்கள். குறிப்பில் பெயரை எழுதுங்கள். பாடத்திட்டம் போடுகிறவர்கள் 1921-ஐச் சொல்லிக் கொடுக்கும் அதே வகுப்பில் 1930-ஐயும் சொல்லிக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் எங்கள் துணிகள் குறிப்போடுதான் வரும்.

குடை அப்பத்தாவிடம் இருக்கிறது. கண்காட்சிக்குத் திருப்பிக் கேட்டேன். தர முடியாது என்கிறாள்.